வீட்டுக்கு சிசிடிவி கேமரா: 2,000 ரூபாய் கேமராவோட 5 வருஷச் செலவு எவ்வளவு தெரியுமா?



வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ, அப்பா அம்மா மட்டும் ஊர்ல தனியா. இப்படி இருக்கிறவங்க பண்டிகைத் தள்ளுபடி வந்தா உடனே ஒரு கேமராவை வாங்கிப் போட்டுடறாங்க. தப்பில்ல. ஆனா பெட்டியில போட்டிருக்கிற விலை மட்டும்தான் செலவுன்னு நினைக்கிறது தப்பு. எதை வாங்கணும், எப்படி மாட்டணும், மொத்தம் எவ்வளவு ஆகும்னு வரிசையா பார்க்கலாம்.

1. முதல்ல ஒரு கேள்வி: எதைப் பார்க்கணும்?

"வீட்டைப் பார்க்கணும்" என்பது பதில் இல்லை. வாசல்ல வர்றவங்க முகம் தெரியணுமா? பைக் நிக்கிற இடம் தெரியணுமா? அம்மா விழுந்துட்டாங்களான்னு ஹால்ல பார்க்கணுமா? ஒவ்வொண்ணுக்கும் கேமரா வேற.

வாசலுக்கு, மழை வெயில் தாங்குற, அசையாத கேமரா போதும். ஹாலுக்கு, மொபைல்லயே திருப்பிப் பார்க்கிற சுழலும் கேமரா வசதி. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: சுழலும் கேமரா ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது இன்னொரு பக்கம் நடக்கிறது பதிவாகாது. அதனால வாசலுக்கு அதை நம்பாதீங்க.

லென்ஸ்ல 2.8 மி.மீ.னா அகலமா தெரியும், தூரத்துல இருக்கிற முகம் சின்னதா இருக்கும். 4 மி.மீ., 6 மி.மீ.னு போகப் போக அகலம் குறையும், தூரத்து ஆள் பெருசா தெரிவார். நீளமான சந்து, கேட் இருந்தா இது முக்கியம்.

2. எத்தனை நாள் பதிவு இருக்கும்?

கடைக்காரர் சொல்லாத கணக்கு இது. கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்துல பதிவு செஞ்சா, ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். 1.5 மெகாபிட்னா சுமார் 16 ஜிபி. அப்போ:

- 64 ஜிபி கார்டு: 4 நாள்கூட முழுசா வராது
- 128 ஜிபி: சுமார் 7 நாள்
- 256 ஜிபி: சுமார் 15 நாள்

கார்டு நிறைஞ்சதும் பழைய பதிவு அழிஞ்சு புதுசு ஏறும். வீட்டைப் பூட்டிட்டு 10 நாள் வெளியூர் போறீங்க, முதல் நாளே திருட்டு நடக்குதுன்னு வைங்க. 64 ஜிபி கார்டுல நீங்க திரும்பி வரும்போது அந்தக் காட்சியே இருக்காது! உங்க கேமரா எவ்வளவு ஜிபி வரைக்கும் ஏத்துக்கும்னு பார்த்து வாங்குங்க. கார்டும் தொடர் பதிவுக்குன்னே வர்ற 'ஹை என்டூரன்ஸ்' வகையா இருக்கட்டும்.

3. 5 வருஷக் கணக்கு

விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

கேமரா அ: விலை 2,000. மாசம் 200 ரூபாய் கிளவுட் சந்தா. 60 மாசத்துக்கு 12,000. மொத்தம் 14,000.

கேமரா ஆ: விலை 3,000. 256 ஜிபி கார்டு 2,000. நடுவுல ஒரு தடவை கார்டு மாத்த 2,000. மொத்தம் 7,000.

விலை குறைஞ்ச கேமராவுக்குத்தான் இரண்டு மடங்கு செலவு. ஆனா கிளவுட் வீண்னு சொல்ல வரல. திருடன் கேமராவையே கழட்டிட்டுப் போனா கார்டும் போயிடும், கிளவுட்ல இருக்கிறது போகாது. கைக்கு எட்டுற இடத்துல இருக்கிற ஒரு கேமராவுக்கு மட்டும் சந்தா கட்டுங்க.

கரண்ட்டைப் பத்திக் கவலை வேண்டாம். 5 வாட் கேமரா வருஷம் முழுக்க ஓடினாலும் 44 யூனிட்தான். பெரிய செலவு இன்டர்நெட். ஊர்ல பிராட்பேண்ட் இல்லாம, கேமராவுக்காகவே மாசம் 500 ரூபாய்க்குப் போட்டா 5 வருஷத்துக்கு 30,000! மொபைல் டேட்டாவுல சமாளிக்கலாம்னா, 1.5 மெகாபிட்ல ஒரு மணி நேரம் நேரலை பார்த்தாலே சுமார் 675 எம்பி போயிடும். கார்டுல பதிவு, அலர்ட் வந்தா மட்டும் நேரலைன்னு வச்சுக்கிட்டா தாங்கும்.

4. மாட்டும்போது

- 8, 9 அடி உயரம், லேசா கீழ்நோக்கி. ரொம்ப உயரத்துல வச்சா தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது.
- காலை, மாலை வெயில் நேரா லென்ஸ்ல விழக்கூடாது.
- ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வச்சு வெளியே பார்க்காதீங்க. ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பி, படம் வெள்ளையா ஆயிடும்.
- மாசம் ஒரு தடவை ஒட்டடை அடிங்க. சிலந்தி வலை அசைஞ்சாலே ராத்திரி முழுக்க அலர்ட் வரும்.
- அலர்ட் பகுதியில தெருவையும் மரத்தையும் விட்டுட்டு உங்க வாசலை மட்டும் குறிங்க. தினம் 100 அலர்ட் வந்தா, நாலாவது நாள் நோட்டிஃபிகேஷனையே அணைச்சுடுவீங்க. அப்புறம் கேமரா இருந்து என்ன பிரயோஜனம்?
- பாஸ்வேர்டை மாத்துங்க, இரட்டைச் சரிபார்ப்பை ஆன் பண்ணுங்க. தம்பி, தங்கைக்கு ஆப்லயே 'ஷேர்' கொடுங்க, பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் ராத்திரி 9 மணிக்கு வீட்டு ஆள் ஒருத்தரை வாசல் வழியா நடக்கச் சொல்லுங்க. பதிவுல முகம் அடையாளம் தெரியலைன்னா கோணத்தை மாத்துங்க.

5. சட்டம், வரி, இன்சூரன்ஸ்

இந்தியாவுல சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசோட புதுப் பாதுகாப்புப் பரிசோதனை விதிகள் 2025 ஏப்ரல் 9-லிருந்து அமல்ல இருக்கு. பெட்டியில பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னு பாருங்க, பில் கேட்டு வாங்குங்க.

ரூம்மேட்ஸோட இருக்கீங்களா? கூட இருக்கிறவங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள கேமரா வைக்கிறது அந்தரங்க உரிமையை மீறுறதுன்னு 2025-ல கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. எதிர்வீட்டு வாசல் தெரியாதபடியும் திருப்பி வைங்க.

இதுக்கு வருமான வரியில கழிவு கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும், நகராட்சி வரி போக மிச்சத்துல 30% நிலையான கழிவுக்குள்ளயே இந்தச் செலவும் அடக்கம். தனியா காட்ட முடியாது.

கடைசியா, இதுதான் ரொம்ப முக்கியம். கேமரா திருட்டைக் காட்டும், போன பணத்தைத் திருப்பித் தராது. 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. தீ, வெள்ளம் மாதிரி காப்பீட்டுக்குள்ள வர்ற சம்பவத்தால, அது நடந்த 7 நாளுக்குள்ள ஏற்படுற திருட்டுதான் அதுல வரும். சாதாரண வீடு புகுந்த திருட்டுக்குத் தனியா பர்கலரி கவர் எடுக்கணும்.

அதனால பட்ஜெட் போடும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல நல்ல பூட்டு, அப்புறம் பர்கலரி கவர், அதுக்கப்புறம் கேமரா. நகை இருந்தா பேங்க் லாக்கர்.

உங்க வீட்டுக்கான 5 வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல பதில் சொல்றேன்.