ஊழியத்துக்கு வந்த புதிய பொறி

உலகிற் புதிதாகத் தோன்றும் கருவி ஒவ்வொன்றும் ஒருநாள் திருச்சபையின் வாயிலிலும் வந்து நிற்கின்றது. அதனை உள்ளே அழைப்பதா, புறத்தே நிறுத்துவதா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அச்சுப்பொறி அவ்வாறு வந்தது, வானொலி வந்தது, இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கின்றது. நகரத்துப் பெருஞ்சபைகளின் நிலை வேறு. காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே, ஏரிப் பாசன வயல்களின் நடுவே கூடும் சிறு சபைகளுக்கு இக்கருவி யாது செய்யும், யாது செய்யலாகாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு அளவுகோலாக அவ்வூர்க் கல்வெட்டையே யாம் எடுத்துக்கொள்வோம்.

முன்னைய கருவி

தமிழ்க் கிறிஸ்தவர்க்கு இவ்வினா புதியதன்று. அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிடுவித்த ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது. பின்னர்ச் சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முற்றுப்பெற்றது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே அவர் செய்தது யாது? திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒருவராய் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார், ஓலைச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார், மக்களோடு உரையாடினார். அச்சுப்பொறி அதன் பின்னரே தரங்கம்பாடிக்கு வந்தது. மொழியும் மக்களும் முன், பொறி பின் என்னும் இவ்வொழுங்கை நாம் மறத்தலாகாது.

பொறியின் இயல்பு

ஒரு கருவியைப் புகழ்தற்கும் பழித்தற்கும் முன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். உரை எழுதும் இப்பொறி அளவிறந்த நூற்பக்கங்களைப் பயின்று, எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதைக் கணக்கிட்டு, சொல்லின்மேற் சொல் அடுக்கி விடை தருகின்றது. தான் கூறுவது மெய்யா பொய்யா என்பதை மனிதன் உணர்வதுபோல் அஃது உணர்வதில்லை. மெய்யைக் கூறும் அதே நடையிற் பொய்யையும் கூறவல்லது. அது பயின்ற பக்கங்களுட் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகச் சிறிது. ஆதலின் அதன் தமிழ் பலகால் ஆங்கிலத்தின் சட்டையை அணிந்து வருகின்றது.

தமிழ் பயில்வார்க்கு இது விளங்க ஓர் உதாரணம் கூறுவாம். தொண்டை நாட்டிற் பாசன நீர்நிலையை ஏரி என்பர். தென்பாண்டி நாட்டிற் குளம் என்றும் கண்மாய் என்றும் வழங்குவர். கேட்போர் எந்நாட்டார் என்று பொறிக்குச் சொல்லாவிடின், அதன் வாயில் இம்மூன்றும் கலந்து வரக்கூடும். அவ்வாறே தேவன், கடவுள், இறைவன் என்னும் சொற்களை ஒவ்வொரு சபையும் தன்தன் மரபின்படி ஆளுகின்றது. பொறியோ ஒரே ஜெபத்தில் மூன்றையும் கலந்துவிடும். இது சிறு குற்றம்போலத் தோன்றினும், தன் வீட்டு மொழியில் ஆண்டவரை அழைக்கும் மூதாட்டிக்கு அந்த ஜெபம் அயலான் வீட்டு ஜெபமாகவே ஒலிக்கும்.

கொள்ளத்தக்க பயன்

நிற்க, இதனாற் பயனில்லை என்று கூறுவோமாயின் நாம் நன்றி மறந்தவராவோம். சிற்றூர்ச் சபைகளிற் போதகர் ஒருவர் பல ஊர்களை மேற்பார்க்கின்றார். அன்றாடம் வீடுதோறும் செல்பவர் உபதேசியாரே. ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழாக்கவும், ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாக்கள் அமைக்கவும், பதிவு செய்த பிரசங்கத்தை எழுத்தாக்கவும் அவருக்கு இப்பொறி உதவும். எழுத்தறியாதோர்க்கும் கண்ணொளி குன்றியோர்க்கும் அது வேதப்பகுதியை வாசித்துக் காட்டும். ஒரகடம், திருப்பெரும்புதூர் முதலிய இடங்களின் தொழிற்சாலைகளை நாடி ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்து இளைஞர் பலர் வந்து தங்கியிருக்கின்றனர். அவர்களோடு நலம் உசாவவும், மருத்துவமனைக்கு உடன்சென்று உதவவும் மொழி தடையாகாமல் இப்பொறி துணைபுரியும். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ குழுவினர் 2023இல் இந்தியாவின் அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்ப்புப் பொறி ஒன்றை ஆக்கி வெளியிட்டனர்.

மற்றொன்று வியக்கத்தக்கது. மெட்டா நிறுவனத்தார் 2023இல் 1,100க்கு மேற்பட்ட மொழிகளின் பேச்சைப் பொறிக்குக் கற்பிக்க முற்பட்டபோது, அத்தனை மொழிகளிலும் ஒருங்கே கிடைத்த வாசிப்பொலி புதிய ஏற்பாடு ஒன்றே. சிறு மொழிகளைப் பேசுவோரிடம் நடந்துசென்று, அம்மொழியைக் கற்று, மொழிபெயர்த்து, வாசித்துப் பதிந்த ஊழியரின் உழைப்பே பொறிக்கு நாவாயிற்று. ஆகவே பொறி ஊழியத்திற்குக் கடன்பட்டதேயன்றி, ஊழியத்தின் இடத்தைப் பெறத்தக்கதன்று.

விலக்கத்தக்க பிழை

சென்ற கோடை விடுமுறையில், உத்திரமேரூரை அடுத்த ஓர் ஊரில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பாடம் ஆயத்தஞ் செய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. மன்னித்தல் என்னும் பொருள்பற்றி வசனங்கள் பத்துத் தருமாறு பொறியைக் கேட்டோம். நொடியில் தந்தது. மகிழ்ந்து படியெடுத்து உபதேசியாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “தம்பீ, பிலேமோனுக்கு இரண்டாம் அதிகாரம் எந்த வேதாகமத்தில் இருக்கிறது?” என்று கேட்டார். அந்நிருபம் ஒரே அதிகாரம் உடையது. பொறி காட்டிய வசனம் எங்கும் இல்லாதது. ஆனால் அதன் நடை வேதத்தின் நடையாகவே இருந்தமையால் யாம் ஐயுறவில்லை. அவர் காணாது விட்டிருப்பின், நாற்பது பிள்ளைகள் அதனை மனப்பாடஞ் செய்திருப்பர். அன்று எம் முகம் சிவந்தது. ஆயின் அப்பாடமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பெருநாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளன. செருமனியில் பியூர்த் நகரத்துப் புனித பவுல் ஆலயத்தில் 2023ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள், பெரும்பாலும் பொறியே இயற்றிய ஆராதனை ஒன்று 40 நிமிடம் நடந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். வந்தவருட் சிலர், அதில் உள்ளமும் உயிரும் இல்லை என்று குறைகூறினர். 2024இல் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பொன்று குருவின் உடையில் ஒரு பொறியுருவை வெளியிட்டு, எதிர்ப்பு மிகவே, சில நாட்களுள் அவ்வுடையைக் களைந்தது. அவ்வாண்டிலேயே சுவிட்சர்லாந்தில் லூசர்ன் நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் இயேசுவின் உருவோடு பேசும் பொறியைச் சோதனையாக வைத்தனர். அதை வைத்தோரே, தம் அந்தரங்கச் செய்திகளை அதனிடம் கூறவேண்டாம் என்று வந்தோரை எச்சரித்தனர். அந்தரங்கத்தைக் கூறத்தகாத இடத்தில் ஆத்தும ஆறுதல் பெறுதல் யாங்ஙனம்?

கல்லின் அளவுகோல்

இனி உத்திரமேரூர்க் கல்லுக்கு வருவோம். வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற சாசனங்கள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. வாரியத்திற்கு வருவோர் 35 வயதிற்கு மேலும் 70 வயதிற்குக் கீழும் இருத்தல் வேண்டும்; தம் மனையில் வீடுகட்டி வாழ்தல் வேண்டும்; கல்வியும் ஒழுக்கமும் வேண்டும். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அச்சபை பிராமணர்க்கே உரியதாய், எளியோர்க்கும் பெண்டிர்க்கும் இடமற்றதாய் இருந்தது. அதனை நாம் போற்றவில்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்னும் விதி எக்காலத்திற்கும் பொருந்துவது.

அவ்விதியைப் பொறியின்மேல் வைத்துப் பார்ப்போம். பொறி ஊரில் வாழ்வதில்லை. துக்க வீட்டுத் திண்ணையில் அமர்வதில்லை. தவறு செய்தால் எழுந்து நின்று கணக்குக் காட்டுவதில்லை. எபிரெயர் 13:17 மேய்ப்பரை ஆத்துமாக்களுக்காகக் கணக்கொப்புவிக்க வேண்டியவர் என்கின்றது. கல்லும் வேதமும் இவ்விடத்தில் ஒரே முடிவைத் தருகின்றன: கணக்கொப்புவிக்க இயலாதது பணியாளாய் இருக்கலாம், மேய்ப்பனாய் இருத்தல் இயலாது.

இதினின்று நான்கு விதிகள் பெறப்படும்.

1. பொறி தந்த வசனம் ஒவ்வொன்றையும் அச்சிட்ட வேதாகமத்தோடு ஒப்பிட்ட பின்னரே சபையில் வழங்கல் வேண்டும்.

2. சபையார் ஜெபத்திற்கென்று கூறிய நோய், கடன், குடும்பப் பிணக்கு ஆகியவற்றைப் பெயரோடு பொறிக்குள் இடலாகாது. 2023இல் நம் நாடு தனிமனிதர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் இல்லையாயினும் அன்பு இதனைக் கட்டளையிடும்.

3. அயலார்க்கு விடை கூறுவது பொறியாயின், பொறியென்றே அறிவித்தல் வேண்டும். பொய்ப் படத்தாலும் பொய்க் குரலாலும் அற்புதங் காட்டுதல் சத்தியத்தின் ஊழியமன்று.

4. பொறியால் மிச்சமாகும் நேரம் வீடு சந்திப்புக்கே செல்லல் வேண்டும்.

முடிவு

நான்காம் விதியே தலையாயது. சுற்றறிக்கையை மொழிபெயர்க்க இரண்டு மணிநேரம் செலவிட்ட உபதேசியார், இனி அதனைப் பத்து நிமிடத்தில் முடித்து, எஞ்சிய பொழுதில் கணவனை இழந்தவளின் வீட்டிற்கு நடப்பாராயின், இப்பொறி ஆண்டவரின் பணியிற் பங்குபெற்றதாகும். அவர் அப்பொழுதைத் திரையின்முன் போக்கி, பொறி எழுதிய ஆறுதலை அவளுக்குச் செல்பேசியில் அனுப்பி அமைவாராயின், சபை ஒரு பொறியைப் பெற்று ஒரு மேய்ப்பனை இழந்ததாகும்.

இக்கல்லூரியினின்று ஊருக்குத் திரும்பும் நம்மிடமே சிற்றூர்ச் சபையார் இப்பொறியைப்பற்றி முதலிற் கேட்பர். அவர்க்கு அதனைக் கற்பிப்போம்; அதன் பிழையையும் உடன் கற்பிப்போம். அன்றியும், நம் கையிலுள்ள வேதாகமத்தைத் திறந்து, பிலேமோனுக்கு அதிகாரம் எத்தனை என்று முதலில் நாமே எண்ணிப் பார்ப்போமாக.