மேலே போய்த் திரும்பி வந்த மண்!



நான் கல் சேர்ப்பவன் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். "டேய், வானத்துல இருந்து விழுந்த கல்லு வெச்சிருக்கியா?" என்று அடிக்கடி கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் டெக்டைட் பற்றிய இந்தக் கட்டுரை.

டெக்டைட் என்றால் என்ன?

பார்த்தால் கறுப்புக் கல். சொட்டு, பொத்தான், உடுக்கை என்று பல வடிவில் இருக்கும். ஆனால் இது கண்ணாடி! விண்கல்லும் இல்லை. ஒரு பெரிய விண்கல் பூமியில் மோதும்போது, அந்த இடத்து மண்ணும் பாறையும் உருகி மேலே தெறிக்கின்றன. பறக்கும்போதே இறுகி, வெகுதூரம் போய் விழுகின்றன. அதாவது, நம்ம பூமி மண்ணுதான் மேலே போய்த் திரும்பி வந்திருக்கு. பள்ளத்திலேயோ பக்கத்திலேயோ தங்கிவிட்டால் அதற்கு மோதல் கண்ணாடி என்று பெயர்.

உருகிய மண் ஏன் கண்ணாடி ஆகிறது? கடலைமிட்டாய்ப் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உடனே இறுகி, தட்டினால் 'டங்'கென்று சத்தம் வரும். அதே சர்க்கரைக் கரைசல் பல நாள் அசையாமல் இருந்தால் கற்கண்டாக விளையும். மெதுவாக என்றால் படிகம், சட்டென்று என்றால் கண்ணாடி. அவ்வளவுதாங்க!

பள்ளத்தைக் கண்டுபிடித்த கதை

இவை நிலாவிலிருந்து வந்தவை என்று சில விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1969-இல் அப்பல்லோ 11 கொண்டு வந்த நிலாக் கற்களைச் சோதித்தபோது பொருந்தவில்லை. பூமியின் பாறைகளோடுதான் பொருந்தியது.

செக் நாட்டில் கிடைக்கும் பச்சை நிற மோல்டவைட், ஜெர்மனியின் ரீஸ் பள்ளத்திலிருந்து தெறித்தது. வயது சுமார் 1½ கோடி ஆண்டு. ஐவரி கோஸ்ட் நாட்டு டெக்டைட்டுகள், பக்கத்து நாடான கானாவின் போசும்ட்வி ஏரிப் பள்ளத்திலிருந்து வந்தவை. கண்ணாடியின் வயதும் பள்ளத்தின் வயதும் ஒன்றாக இருந்தன. இரண்டிலும் உள்ள பொருள்களும் ஒத்துப்போயின.

இன்னும் ஒரு புதிர்

தாய்லாந்து, வியட்நாம், ஆஸ்திரேலியா வரை கிடைப்பவை சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம் ஆண்டு பழையவை. இந்தியப் பெருங்கடலின் அடிச்சேற்றில்கூட இவற்றின் பொடிமணிகள் உண்டு. இவ்வளவு தூரம் சிதறியும், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பள்ளம் இதுவரை கிடைக்கவில்லை! லாவோஸ், தாய்லாந்து பக்கம் பெரிய பெரிய கட்டிகள் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் சிறிய பொத்தான்கள். ஆகவே பள்ளம் இந்தோசீனாப் பக்கம் இருக்கலாம் என்று பலர் தேடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். எந்தக் கட்டி எந்த ஊரில் கிடைத்தது என்பதுதானே இங்கே துப்பு? எடுத்த இடத்தைக் குறிக்காமல் பையில் போட்டுக்கொண்டால் அந்தத் துப்பு போச்சு. அப்புறம் அது வெறும் கறுப்புக் கண்ணாடிதான்.

சேர்ப்பவர்கள் கவனத்துக்கு

1. டெக்டைட்டில் காந்தம் ஒட்டாது. கறுப்புத் துண்டின் மெல்லிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரியும். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பாட்டில் கண்ணாடியும் ஏமாற்றும்.

2. உறுதி செய்வது ஆய்வகத்தின் வேலை. எரிமலைக் கண்ணாடியைவிட டெக்டைட்டில் நீர்ச்சத்து மிக மிகக் குறைவு.

3. பச்சைக் கண்ணாடியை அச்சில் வார்த்து மோல்டவைட் என்று விற்கிறார்கள். உஷார்!

4. மகாராஷ்டிராவில் லோனார் ஏரி இருக்கிறது. விண்கல் மோதி உண்டான இந்தப் பள்ளம் சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம். அங்கே மோதல் கண்ணாடி உண்டு. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம். சுற்றுலா போனால் பாருங்கள், எடுக்காதீர்கள்.

5. எந்தக் கல் எடுத்தாலும் ஒரு சீட்டில் ஊர், இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிக் கூடவே வையுங்கள். நம் பள்ளி அறிவியல் அறையில் உள்ள கற்களில் பாதிக்குச் சீட்டே இல்லை. யார் கொடுத்தது என்று தெரிந்தவர்கள் வந்து சொன்னால், நானே எழுதி ஒட்டுகிறேன்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்