எதிர்நீச்சல் எல்லா இடத்திலும் உதவாது!

"முழங்கால் தண்ணிக்கு மேல போகாதே!" கடற்கரைக்குப் போனால் நம் வீடுகளில் சொல்கிற ஒரே பாடம் இதுதான். நானும் அப்படி வளர்ந்தவன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக எத்தனையோ தடவை மாமல்லபுரம் போயிருக்கிறேன். நாற்பத்திரண்டு வயது வரை சட்டை நனைந்ததில்லை.

அந்த வயதில்தான் ஆபீசில் சிக்கல். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. மேலதிகாரியோடு தினமும் மல்லுக்கு நின்றேன். தூக்கம் போச்சு. ரத்த அழுத்தம் 150/100. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "வெளியில போய் உடம்பை அசைக்கிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வெச்சுக்குங்க" என்றார். மகன் அப்போது மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டிருந்தான். துணைக்குப் போன நானும் பலகையைப் பிடித்தேன். (டாக்டரைக் கேட்ட பிறகுதான்! அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை வெறும் வாக்கிங்தான் என்று மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்.)

முதல் நாள் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. சொல்லிக்கொடுத்த மீனவத் தம்பி, மணலில் உட்கார வைத்துக் கடலைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் அலை உடையுது. நடுவுல மட்டும் தண்ணி சும்மா கெடக்குது பாருங்க சார். அங்கதான் ஆபத்து!"

நாமாக இருந்தால் குளிக்க அந்த இடத்தைத்தானே தேர்ந்தெடுப்போம்? கரைக்கு வந்த அலைநீர் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிற வாய்க்கால் அது. அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்காது. கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். அலை உடையும் இடம் தாண்டியதும் பெரும்பாலும் வேகம் குறைந்துவிடும். பிறகு எப்படி உயிர் போகிறது? பயத்தில் கரையைப் பார்த்து நேராக நீந்துகிறோம். இழுப்பு பலமாக இருந்தால், நொடிக்கு 2 மீட்டர்கூட ஓடும். ஒலிம்பிக் வீரரே தோற்றுப்போவார். கை ஓய்ந்து, மூச்சிரைத்து, தண்ணீரைக் குடித்து... ஆளைக் கொல்வது களைப்புதான்.

மாட்டிக்கொண்டால் பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்பலாம். பலகை இருந்தால் அதை விடவே கூடாது.

"கடலோட சண்டை போடாதீங்க சார். பக்கத்துல நகருங்க" என்றார் தம்பி.

எனக்குச் சுருக்கென்றது. ராஜினாமாக் கடிதம் அப்போது என் பையிலேயே இருந்தது! மறு வாரம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே சம்பளத்தில் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். "இதுக்கா இவ்வளவு நாள் சண்டை போட்டீங்க?" என்று கேட்டாள் மனைவி. பதில் சொல்லத் தெரியவில்லை. பதவி உயர்வு இன்னும் வரவில்லை. மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் ராத்திரி பத்தரைக்குத் தூங்கிவிடுகிறேன்.

பக்கத்துக் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்று ஒருவர். மீனவர். அலைமேல் ஏறுகிற ஆசையில் தானாகவே பழகியவர். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். கடலை விட்டு அவர் எங்கேயும் போகவில்லை. கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்தார், அவ்வளவுதான்!

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். போட்டியாளர்கள் பாதி நேரம் பலகைமேல் சும்மா உட்கார்ந்து, வருகிற அலைகளை விட்டுவிடுவார்கள். எந்த அலை தனக்கு என்று பார்க்கிற கண் வேண்டுமே! எனக்கு அது இன்னும் வரவில்லை. எல்லாவற்றிலும் பாய்ந்து விழுகிறேன். மகன் சிரிக்கிறான்.

நீச்சல் தெரியாதவர்களும் இதய நோயாளிகளும் ஆசைப்பட்டு இறங்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையில் கடல் முரடாக இருக்கும். தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு போனால், கரையில் நின்றபடியே அந்த அலை உடையாத இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.