தெரிந்தவருக்குத் தெரிந்தவர்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு வில்லிங்டன் தீவில் ஒரு சரக்கு நிறுவனத்தின் டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். அடுத்த வேலைக்காக லிங்க்ட்இன் வழியே தொடர்ந்து விண்ணப்பிக்கிறேன், பதிலே வருவதில்லை. அந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும்?
- ஒரு வாசகர், சுள்ளிக்கல், கொச்சி

பதில்: லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, காலியிட அறிவிப்புக்கு விண்ணப்பிப்பது. மற்றொன்று, அதே தொழிலில் இருப்பவர்களோடு அறிமுகம் வளர்ப்பது. வேலை தேடுவோரில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு பொத்தானைத் தட்டினாலே விண்ணப்பம் போய்விடும் என்பதால் ஒரே இடத்துக்கு எக்கச்சக்கமானோர் முட்டி மோதுகிறார்கள். மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் இருந்த சாப்பா முறையும் இப்படிப்பட்டதுதான்: வேலைக்கான உலோக வில்லையைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள், பாய்ந்து பிடித்தவருக்கே அன்றைய கூலி. தொழிலாளிகள் அதை எதிர்த்துப் போராடி, 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச்சூட்டையும் சந்தித்தார்கள். முண்டியடிப்பதில் தகுதிக்கு மதிப்பில்லை. தகுதியைப் பார்க்கக்கூடிய ஒருவரின் கண்ணில் படுவதற்கு அறிமுகம் வேண்டும்.

எப்படிப்பட்ட அறிமுகம் என்பதற்கு ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டன் புறநகர் ஒன்றில் தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை விசாரித்திருந்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் அவர்களில் 16.7 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திப்பவர்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த காலியிடங்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவையே. புதிய செய்தி சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிக்கும் மேற்பட்டோரை வைத்து நடத்தி, 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும் இதை உறுதிசெய்து, ஒரு திருத்தமும் சொன்னது: முற்றிலும் அந்நியரைவிட, பொதுவான தொடர்புகள் ஓரளவு உள்ள அரைகுறை அறிமுகக்காரர்களால்தான் பலன் அதிகம்.

ஆனால், அறிமுகத்துக்கு முன் சுயவிவரப் பக்கம் சரியாக இருக்க வேண்டும். ஆளெடுப்பவர்கள் திறன்களின் பெயரைத் தட்டச்சு செய்துதான் தேடுகிறார்கள். பெயருக்குக் கீழே உள்ள வரியில் ‘நல்ல வாய்ப்பை எதிர்நோக்கும் பட்டதாரி’ என்று இருந்தால் எந்தத் தேடலிலும் சிக்காது. ‘ஏற்றுமதி, இறக்குமதி டாக்குமென்டேஷன், பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில், ஐஸ்கேட் தாக்கல், கொச்சி’ என்று இருந்தால் சிக்கும். அனுபவப் பகுதியில் பதவிப் பெயர் மட்டும் போதாது. எந்த வகைச் சரக்கு, மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை கன்டெய்னர், எந்த மென்பொருள் என்பவற்றை எழுத வேண்டும். தமிழும் மலையாளமும் தெரிந்திருப்பதை மொழிகள் பகுதியில் சேர்ப்பது அவசியம். வல்லார்பாடம், விழிஞ்ஞம், தூத்துக்குடி, சென்னை ஆகிய துறைமுகங்களைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் இந்த இரு மொழிகளும் கைகொடுக்கும்.

வேலை தேடுவதைத் தெரிவிக்கும் ‘ஓப்பன் டு ஒர்க்’ வசதியை எல்லோருக்கும் தெரியும்படியும் வைக்கலாம், ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். தற்போது வேலையில் இருப்பவருக்கு இரண்டாவதே ஏற்றது. அப்படி வைத்தாலும் சொந்த நிறுவனத்தாருக்குத் தெரியவே தெரியாது என்று தளம் உத்தரவாதம் தருவதில்லை.

அடுத்து, யாரைத் தேடுவது? படித்த கல்லூரியின் லிங்க்ட்இன் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் என்ற பிரிவு இருக்கும். கொச்சின் காலேஜில் படித்தவர் என்றால், அங்கே படித்தவர்கள் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் சலித்துப் பார்க்கலாம். பழைய சக ஊழியர்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகங்களில் பழகியவர்கள், கப்பல் நிறுவனங்களின் கவுன்டரில் முகம் தெரிந்தவர்கள் ஆகியோர் அடுத்த வட்டம். ‘இரண்டாம் நிலை’ என்று தளம் காட்டுபவர்கள் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். தேடல் அங்கேதான் கூர்மையாக வேண்டும்.

அழைப்போடு அனுப்பும் குறிப்புக்குச் சில வரிகளே இடம் உண்டு. ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டால், கையில் காலியிடம் இல்லாதவர் பேசாமல் இருந்துவிடுவார். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும். ஒரு மாதிரி:

‘வணக்கம் சார். வில்லிங்டன் தீவில் இறக்குமதி டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். நீங்கள் கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு மாறியதைக் கவனித்தேன். அங்கே ஏற்றுமதிப் பிரிவுக்குக் கூடுதலாக என்ன தெரிந்திருக்க வேண்டும்? நேரம் இருக்கும்போது இரண்டு வரி சொன்னால் போதும்.’

பதில் வந்தால் நன்றி சொல்லி, அவர் சொன்னதைச் செய்துபார்த்து, என்ன ஆயிற்று என்று பிறகு தெரிவிப்பது அறிமுகத்தை உயிரோடு வைக்கும். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் தொந்தரவு. அவர் நிறுவனத்தில் காலியிடம் வரும்போது, வேலை அறிவிப்பின் இணைப்பையும் பயோடேட்டாவையும் சேர்த்து அனுப்பி, ரெஃபரல் தர இயலுமா என்று நேராகக் கேட்கலாம்.

கொடுப்பதும் இதில் ஒரு பங்கு. சுங்க விதி மாற்றம் ஒன்று வந்தால் அது டாக்குமென்ட்டில் எதை மாற்றுகிறது என்று நாலு வரி எழுதலாம். மற்றவர் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்லலாம். நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், சரக்கு விலை போன்றவற்றை மட்டும் பொதுவெளியில் வைக்கக்கூடாது.

இந்தத் தளத்திலும் போலி ஆளெடுப்பாளர்கள் உண்டு. வேலைக்கு முன்பணம் கேட்பது, பேச்சை உடனே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாற்றச் சொல்வது, நேர்காணலே இல்லாமல் பணி ஆணை தருவது ஆகியவை எச்சரிக்கை மணிகள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் இந்தியர்களை அடைத்ததைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட், 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.