மிருகக்காட்சி சாலைக்கு நாம் செய்யக்கூடிய உதவி

மதுரை மாவட்டத்தில் பெரிய மிருகக்காட்சி சாலை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மிருகக்காட்சி சாலை, சென்னையை அடுத்த வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆகும். உசிலம்பட்டியிலிருந்து அங்கு செல்ல 400 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் அதைக் கண்டு வந்த மாணவர்கள் சிலர், "அங்குள்ள விலங்குகளுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் நம்மிடம் பணம் இல்லையே!" என்று சொல்வதுண்டு.

பணம் தேவைதான். ஆனால் மிருகக்காட்சி சாலைக்கு மிகவும் பயன்படும் உதவிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. அவற்றுக்கு வேண்டியது விலங்கின் உடலைப் பற்றிய அறிவு. அந்த அறிவு இல்லாமல் அன்போடு செய்யும் காரியம்கூட ஒரு விலங்கின் உயிரைப் பறித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

பொதுமக்கள் தந்த தொடக்கம்

சென்னையில் மிருகக்காட்சி சாலை தோன்றிய வரலாறே சுவையானது. எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தார். உயிருள்ள விலங்குகள் இருந்தால் மக்கள் திரண்டு வருகிறார்கள் என்பதை அவர் கண்டார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்து வந்த விலங்குகளை நன்கொடையாகப் பெற்றார். இவ்வாறு 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை உருவாயிற்று. பின்னர் அது பீப்பிள்ஸ் பார்க் பகுதிக்கு மாற்றப்பட்டது. நகரின் நடுவே இடம் போதாமற்போகவே, வண்டலூர்க் காட்டில் புதிய பூங்கா அமைக்கப்பட்டு, 1985 ஜூலை 24-இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஆக, மற்றவர் தந்த உதவியில்தான் இந்தக் காட்சி சாலை பிறந்தது. நவாபு விலங்குகளைத் தந்தார். நாம் என்ன தரலாம்?

மானின் வயிறும் பிஸ்கட்டும்

முதல் உதவி, எதையும் தின்னக் கொடுக்காமல் இருப்பது. இது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். காரணத்தை அறிய மானின் வயிற்றுக்குள் சென்று பார்க்க வேண்டும்.

புள்ளிமான், கடமான், வெளிமான் ஆகியவை ஆடு, மாடுகளைப் போல அசைபோடும் விலங்குகள். அசைபோடும் மாடு, மான் ஆகியவற்றின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அறை ரூமென் எனப்படும். இதை ஒரு நொதித்தல் தொட்டி எனலாம். கோடானுகோடி பாக்டீரியாக்களும் ஒருசெல் உயிர்களும் அதில் வாழ்கின்றன. புல்லிலும் தழையிலும் உள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதியை மானின் உடல் சுரப்பதில்லை. அந்த வேலையை இந்த நுண்ணுயிர்களே செய்கின்றன. செல்லுலோஸ் மெதுவாகச் சிதைந்து, அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் மானுக்கு ஆற்றல் தருகின்றன. மான் அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் உப்பு, அமிலம் மிகாமல் காக்கிறது.

இப்போது ஒரு பார்வையாளர் இரக்கப்பட்டு ரொட்டி, பிஸ்கட், சோறு ஆகியவற்றை வேலிக்குள் வீசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் போலவே பலரும் வீசுகின்றனர். இவற்றில் இருப்பது மாவுச்சத்து. அது புல்லைப் போல மெதுவாகச் சிதைவதில்லை. மிக விரைவாக நொதிக்கிறது. லாக்டிக் அமிலம் பெருகுகிறது. புளிப்பு மிகும்போது புல்லைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. விலங்கு தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்துவிடுகிறது. கடுமையானால் இறந்தும் போகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியன்று. அவிழ்ந்து போன ஆடு அரிசி மூட்டையில் வாய் வைத்துவிட்டால் பெரியவர்கள் பதறுவது இதனால்தான். ஆட்டுக்கு ஆகாதது மானுக்கும் ஆகாது.

செரிக்காத பை

உணவைவிடக் கொடியது அதைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும் உறையை மான் விரும்பித் தின்றுவிடும். ரூமெனில் உள்ள தீனி மிகச் சிறிய துகள்களாக அரைபட்ட பின்னரே அடுத்த அறைகளுக்குச் செல்ல முடியும். பிளாஸ்டிக் அரைபடுவதுமில்லை, நுண்ணுயிர்களால் சிதைவதுமில்லை. ஆகவே அது அங்கேயே தங்கிவிடுகிறது. இன்று ஒன்று, நாளை ஒன்று எனச் சேர்ந்து பந்து போலத் திரள்கிறது. வயிறு நிறைந்திருப்பதாக உணரும் விலங்கு தீனி தின்பதைக் குறைத்து, நிறைந்த வயிற்றோடே பட்டினியால் மெலிகிறது. தெருவில் குப்பை மேயும் மாடுகளுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. சுற்றுலாவுக்குப் போகும்போது மஞ்சள் துணிப்பையில் உணவை எடுத்துச் சென்று, மிஞ்சிய குப்பையை அதே பையில் திரும்பக் கொண்டு வந்தால், ஒரு மானுக்கேனும் நன்மை செய்தவர்கள் ஆவோம்.

விலங்குகளைச் சீண்டுவது, அவற்றுக்கு உணவளிப்பது, கூச்சலிடுவது, குப்பை போடுவது ஆகிய அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு மிருகக்காட்சி சாலைகளில் தடை செய்கிறது. மேலே கண்ட அறிவியல் உண்மைகளை நினைவில் கொண்டால், அந்தச் சட்டத்தின் பொருள் நன்கு விளங்கும்.

இருமல் இருந்தால் இன்னொரு நாள்

நமக்கு வரும் நோய் விலங்குக்கும் வருமா? சில நோய்கள் வரும். 2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்கள் பல கொரோனாத் தொற்றுக்கு ஆளாயின. நீலா என்னும் 9 வயதுப் பெண் சிங்கம் ஜூன் 3-ஆம் நாள் இறந்தது. அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. அப்போது பூங்கா பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. இருந்தும் சிங்கங்களின் மாதிரிகளில் காணப்பட்டது, அந்நாளில் மனிதரிடையே பரவி வந்த அதே டெல்டா வகை வைரஸ்தான். மனிதரின் காசநோய் யானைகளுக்குத் தொற்றுவதும் அறியப்பட்ட உண்மை.

ஆகவே காய்ச்சலோ இருமலோ உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுவதும் விலங்குகளுக்குச் செய்யும் உதவியே. கண்ட இடத்தில் எச்சில் துப்பாமல் இருப்பதும் அவ்வாறே.

ஓசையும் ஓர் ஊரும்

கூண்டருகே நின்று கைதட்டி, விசிலடித்து, உறங்கும் விலங்கை எழுப்ப முயல்வோரைக் காணலாம். காட்டில் அச்சமூட்டும் ஓசை கேட்டால் விலங்கு ஓடி ஒளிந்துகொள்ளும். அச்சத்தின்போது அதன் அட்ரினல் சுரப்பிகள் சில ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகள் ஓடத் தயாராகின்றன. கூண்டில் ஓட இடமேது? நாள்தோறும் இவ்வாறு நடந்தால் நோயை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. குட்டி ஈனுவதும் தடைப்படலாம்.

ஓசையைக் குறைத்து உயிர்களைக் காப்பதில் நமக்கு வழிகாட்டியாக ஓர் ஊர் அண்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. அங்குள்ள கண்மாய்களுக்கு நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கொக்கு முதலிய பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. மழைக்காலமும் தீபாவளியும் அடுத்தடுத்து வருவதால், கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடிச்சத்தத்தில் தாய்ப்பறவை பதறிப் பறந்தால் முட்டைகள் வெயிலில் காயும். காக்கை கொத்திச் செல்லும். இதை அறிந்த அவ்வூர்ச் சிறுவர்கள் தம் ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. உண்மையில் பட்டாசுக் காசு மிச்சமாகிறது.

சிறு தொகையும் பழஞ்சாக்கும்

இனிச் சிறிது செலவு பிடிக்கும் உதவிகளைக் காண்போம். வண்டலூரில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் உள்ளது. தத்தெடுத்தல் என்றால் விலங்கை வீட்டுக்குக் கொண்டு வருவதன்று. அதன் உணவு, பராமரிப்புச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றுக்கொள்வதாகும். யானைக்கு ஆகும் செலவு மிகுதி. சிறு பறவைக்கு ஆகும் செலவு குறைவு. 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் மாதம் 5 ரூபாய் சேர்த்தால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் ஆகும். அத்தொகைக்கு எந்த உயிரை எத்தனை நாள் பேணலாம் என்பதை ஆசிரியர் மூலம் பூங்கா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

மற்றோர் உதவி விலங்கின் மனத்தைச் சார்ந்தது. காட்டில் கரடி தன் நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கிறது. காட்சி சாலையில் உணவு சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய பொழுதில் செய்ய ஒன்றுமில்லை. அதனால் சில விலங்குகள் ஒரே பாதையில் முன்னும் பின்னும் ஓயாமல் நடக்கத் தொடங்குகின்றன. இதைத் தவிர்க்கவே, உணவை மூங்கில் குழாயிலும் மரப்பொந்திலும் சாக்குப் பொதியிலும் மறைத்து வைத்து, விலங்கைத் தேட வைக்கிறார்கள். இப்பொருள்கள் மலிவானவை. ஆனால் ஆணி, சாயம், பிரிந்த நூல் எதுவும் இருத்தலாகாது. எனவே எதைத் தருவதானாலும் முதலில் அதிகாரிகளைக் கேட்டு, அவர்கள் வேண்டுவதை மட்டும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

குறிப்பேடும் பென்சிலும்

ஒரு விலங்கு நலமாக இருக்கிறதா என்பதை அதன் அன்றாட நடத்தை காட்டிவிடும். அதைப் பதிவு செய்யப் பொறுமையாகக் கவனிக்கும் கண்கள் வேண்டும். விலங்கு நடத்தையை எவ்வாறு முறையாகப் பதிவு செய்வது என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவற்றுள் எளிய முறை ஒன்றை உசிலம்பட்டியிலேயே பழகலாம். ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் உசில மரத்தின் தழையை ஆடுகள் விரும்பித் தின்னும். அந்த ஆடுகளே நமக்கு ஆய்வுப் பொருள்.

செய்து பாருங்கள்: ஓர் ஆட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். சற்றுத் தள்ளி, அது மிரளாதபடி அமருங்கள். குறிப்பேட்டில் மேய்தல், அசைபோடுதல், நடத்தல், படுத்தல், பிற என ஐந்து கட்டங்கள் வரையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த நொடியில் ஆடு என்ன செய்கிறதோ அதற்குரிய கட்டத்தில் மட்டும் ஒரு கோடு போடுங்கள். படுத்தபடி அசைபோட்டால் அசைபோடுதல் என்றே குறியுங்கள். 30 நிமிடங்களில் 30 கோடுகள் சேரும். மேய்தலில் 15 கோடுகள் இருந்தால், ஆடு 50 விழுக்காடு நேரம் மேய்ந்தது என்று கொள்ளலாம். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பதிவு செய்து ஒப்பிடுங்கள். நண்பகலில் அசைபோடுதல் கூடுகிறதா?

இப்பழக்கத்தோடு வண்டலூருக்குச் செல்லும் மாணவர் ஒரே கூண்டின் முன் அரைமணி நேரம் அமைதியாக நிற்பார். ஒரு மான் தனித்து நிற்பதும், தீனியைத் தொடாததும் அவர் கண்ணில் படும். அதை உடனே அருகிலுள்ள பணியாளரிடம் சொன்னால், மருத்துவருக்கு நேரம் கிடைக்கும்; மான் பிழைக்கலாம்.

வினாக்கள்

1. மானுக்குச் சோறு ஏன் ஆகாது?
2. ரூமெனில் சேர்ந்த பிளாஸ்டிக் ஏன் வெளியேறுவதில்லை?
3. உங்கள் ஊர்க் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் எவை? அவற்றுக்குத் தொல்லை தரும் ஓசைகள் எவை? பட்டியல் இடுக.