இல்லத்தில் ஒரு பவளத் தொட்டி

முத்துக்குளித்தலாற் புகழ்பெற்ற மன்னார் வளைகுடாவிலே முத்தினோடு பவளமும் வளர்கின்றதென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. துகிர் என்று பண்டைத் தமிழர் வழங்கிய அணிகலப் பவளம் வேறு. கடலடியிற் பாறையாய்ப் படரும் இப்பவளம் வேறு. கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிறைத்து இதனை இல்லத்தில் வளர்க்கும் விருப்பம் இந்நாளிற் பெருகி வருகின்றது. கடலையே காணாத அச்சங்குளம் போன்ற சிற்றூரிலும் இவ்விருப்பம் எழுதல் கூடும். ஆதலின், புதியவன் முதலில் எப்பவளத்தைத் தெரிந்துகொள்ளல் தகும் என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

பவளம் செடியுமன்று, கல்லுமன்று, அஃது உயிர்ப்பிராணி. சிறு வாயும் அதனைச் சூழ்ந்த மெல்லிய கைகளும் உடைய நுண்ணுயிர்கள் பல கூடி வாழும் குடும்பமே பவளம் எனப்படும். அவற்றின் தசையினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருந்து, ஒளியினால் உணவு சமைத்துத் தம்மைத் தாங்கும் உயிருக்கும் அளிக்கின்றன. நீர் அளவிற்கு மிஞ்சிச் சூடேறின் பாசிகள் நீங்கிப் பவளம் வெளிறும். அந்நிலை நீடிப்பின் மடியும். இவ்வினத்துள் நீரிலுள்ள சுண்ணத்தைக் கவர்ந்து கல்லெலும்பு கட்டுவன வன்பவளங்கள். அவ்வாறு கட்டாதன மென்பவளங்கள்.

வன்பவளத்தின் வனப்பு நம் கண்ணைக் கவர்வதாயினும், அதனை நாம் விரும்புதல் ஆகாது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்பின்பொருட்டுப் பாறைகள் வெட்டப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிற் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறி மடிந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், குழற்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001-இற் சேர்க்கப்பட்டன. எனவே வேங்கைக்குரிய காவல் இவற்றிற்கும் உரியது. உலர்ந்த பவளக்கல்லும் இவ்விலக்கினுள் அடங்குமாதலால், தொட்டியினுள் அடுக்குதற்குச் செயற்கைக் கற்களே தக்கன.

இனி, புதியவனுக்கேற்ற மென்பவளங்களையும் அவற்றையொத்த உயிர்களையும் கூறுவாம். முதலாவது காளான் பவளம். குறைந்த ஒளியும் மெல்லிய நீரோட்டமும் இதற்குப் போதும். சிறு பிழைகளையும் பொறுக்கும். இரண்டாவது தோற்பவளம். இது சிற்சில வேளைகளிற் கைகளைச் சுருக்கி, மேற்றோல் உரித்து, சில நாட்களுக்குப் பின் மீண்டும் மலரும். இறந்ததென்று கருதி எறிந்துவிடலாகாது. மூன்றாவது சீனியா. கைகளைத் திறந்தும் மூடியும் அசையும் இயல்பினது. விரைந்து பரவுமாதலின் தனிக்கல்லில் வைத்தல் நன்று. நான்காவது பொத்தான் பவளம். நிறங்கள் பலவாயினும் இவற்றுட் சில கொடிய நஞ்சுடையன. கையுறையின்றித் தொடுதலும், அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைத்தலும் கூடா.

எதனைத் தெரியினும் நீரைப் பக்குவஞ் செய்த பின்னரே இடல்வேண்டும். நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டியே நன்று. நீர் மிகுந்தால் மாறுதல் மெதுவாகும். கழிவிற் பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். உப்பின் ஒப்படர்த்தி 1.025 அளவிலும், வெப்பம் 25 முதல் 27 பாகை வரையிலும் நிற்றல் வேண்டும். விருதுநகர்ச் சீமையின் கோடையில் இவ்வெப்பத்தைக் காத்தலே பெரும்பாடு. நீர்ப்பரப்பின்மேல் விசிறி வீசச் செய்யின் சூடு சிறிது தணியும். ஆவியாய்ப் போவது நன்னீரே, உப்பன்று. ஆதலாற் குறைந்த நீரை வடிகட்டிய நன்னீராலேயே நிரப்புக. உவர்ப்பும் கடினமும் மிக்க கிணற்றுநீர் உதவாது. முதலில் ஒரு பவளத்தை மட்டும் இட்டுச் சில வாரம் பொறுத்து, அது செழித்த பின்னரே மற்றொன்றைச் சேர்க்க.

வாங்குமுன் விற்போனை வினவவேண்டியது விலையன்று. அது பிறந்த இடமே. பிறர் தொட்டியில் வளர்ந்ததினின்று நறுக்கிப் பெருக்கிய துண்டையே கொள்ளுக. மென்பவளம் துண்டுபட்டாலும் தழைக்கும் இயல்பினதாகையால், ஒருவர் தொட்டி பலர் தொட்டிகளை நிரப்ப வல்லது. இதே இயல்பைக் கொண்டன்றோ தூத்துக்குடி ஆராய்ச்சியாளர் 2002 முதல் வன்பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளிற் கட்டிக் கடலடியில் மீண்டும் நட்டு வருகின்றனர்! அவர் அங்கு நடுவதை நாம் இங்கு அலங்காரத்தின்பொருட்டுப் பெயர்ப்பது முறையாகுமோ? ஞானத்தின் அருமையைக் கூறப் புகுந்த யோபுவின் ஆகமம் அதற்கு ஒப்பாகாத பொருள்களுள் பவளத்தையும் வைத்து எண்ணுகின்றது. தொட்டியில் ஒரு பவளத்தை வைக்க விழைவோன், கடலிற் பல பவளங்களை வாழவிடும் ஞானத்தை முதலில் தேடுவானாக.