பழைய வினாத்தாள்களும் வரலாற்றுத் தேர்வும்

பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு நெருங்கும் மாதங்களில், பள்ளிகளையடுத்த புத்தகக் கடைகளின் முகப்பில் இடம்பெறுபவை பாடநூல்கள் அல்ல. சென்ற பல ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தொகுத்து, விடைகளையும் சேர்த்து அச்சிட்ட தடித்த நூல்களே அங்கு அடுக்கப்பட்டிருக்கும். இந்திய வரலாற்றைப் பாடமாக எடுத்த மாணவர்களிடையே இவற்றுக்கு மதிப்பு மிகுதி. ஹரப்பா நகரங்களில் தொடங்கி அரசியலமைப்புச் சட்டம் உருவான வரலாறு வரை பாடப்பகுதி பரந்து கிடப்பதால், எந்த வினா வரும் என்று முன்கூட்டியே அறிய விழைவது இயல்பே. ஆனால் பழைய வினாத்தாளை இவ்வாறு குறி சொல்லும் ஏடாகக் கொள்ளும் மாணவன், அதனால் கிடைக்கக்கூடிய பெரும்பயனை இழக்கிறான். எந்த வினா திரும்ப வரும் என்பதைவிட, எவ்வகைச் சிந்தனை திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்பதையே அத்தாள்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வரலாற்றுத் தேர்வை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் மாணவர்கள் எழுதும் தேர்வு இது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் வெளியிட்ட மூன்று பகுதிகளாலான பாடநூல் இதற்கு அடிப்படை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தழுவி எழுதப்பட்ட இந்நூல், அரசர்களின் வரிசையையும் போர்களின் ஆண்டுகளையும் மட்டும் கூறி அமைவதில்லை. ஒவ்வோர் அத்தியாயமும் கல்வெட்டு, பயணக்குறிப்பு, அரசு அறிக்கை, ஓவியம் என ஏதேனும் ஒருவகைச் சான்றை முன்வைத்து, அதனை எவ்வாறு படிப்பது என்று கற்பிக்கிறது. வினாத்தாளும் இந்நோக்கையே பின்பற்றுகிறது. இதனை உணராமல் விடைகளை மனப்பாடம் செய்பவர் பாடநூலின் அரைப் பகுதியையே படித்தவராவார்.

ஊகத்தின் விலை

2023ஆம் ஆண்டுத் தேர்வு முதல் நடைமுறைக்கு வந்த வினாத்தாள் அமைப்பை நோக்குவோம். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்; செயல்திட்டத்திற்கு 20. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 21, மூன்று மதிப்பெண் வினாக்கள் 6, எட்டு மதிப்பெண் வினாக்கள் 3, மூலச்சான்றுப் பகுதியை அளித்து அதன்மேல் கேட்கப்படும் நான்கு மதிப்பெண் வினாக்கள் 3, வரைபட வினா 1 என மொத்தம் 34 வினாக்கள். வரைபடத்திற்கு 5 மதிப்பெண்.

இவற்றுள் ஒரு மதிப்பெண் வினாக்கள், சான்றுப் பகுதி, வரைபடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 38 மதிப்பெண். ஏறத்தாழ பாதி! மனப்பாடம் செய்த கட்டுரை விடை எதுவும் இப்பாதிக்கு உதவாது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பாடப்பகுதி முழுவதிலிருந்தும் எடுக்கப்படுவதால், "சென்ற ஆண்டு வந்துவிட்டது, இவ்வாண்டு வராது" என்று ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிவிடும் மாணவன், அந்த அத்தியாயத்தின் நீண்ட வினா வராமற்போனாலும் இழப்பிற்குத் தப்புவதில்லை. நீண்ட வினாக்களில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்படுவது உண்மையே. அவ்வாய்ப்பு இரு தலைப்புகளையும் ஓரளவு அறிந்தவனுக்கே பயன்படும் என்பதை மறத்தலாகாது.

எந்த ஆண்டின் தாள்?

பத்தாண்டுத் தாள்களையும் ஒரே நிறையாகக் கொள்வது மற்றொரு பிழை. 2021ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக இறுதித் தேர்வே நடைபெறவில்லை. 2021-22 கல்வியாண்டில் தேர்வு இரு பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. முதற்பருவத்தில் சரியான விடையைத் தெரிவு செய்யும் வினாக்கள் மட்டுமே இடம்பெற்றன. அதற்கு முன்பும் மதிப்பெண் பகிர்வு பலமுறை மாறியுள்ளது. 2022இல் பாடநூலே சுருக்கப்பட்டு, முகலாய அரசவையின் வரலாற்றேடுகள், காலனிய நகரங்கள், நாட்டுப் பிரிவினை ஆகிய மூன்று அத்தியாயங்கள் நீக்கப்பட்டன. எனவே பழைய தொகுப்பை வாங்கிய மாணவன் தன் பாடத்தில் இல்லாத வினாவின்மேல் இரவு முழுதும் கண்விழிக்க நேரலாம். நடப்பு ஆண்டின் பாடத்திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு, பொருந்தாத வினாக்களை முதலிலேயே குறியிட்டு விலக்குவது ஒரு மணி நேர வேலை. பலரும் இதனைச் செய்வதில்லை.

ஆயினும் விலக்கப்பட்ட அத்தியாயங்களை அறவே படிக்கக்கூடாது என்று கொள்வது பொருந்தாது. அரசியலமைப்பு நிர்ணய சபையின் விவாதங்கள் பாடத்தில் தொடர்கின்றன. 1947 ஆகஸ்டு 27 அன்று, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாகிபு, சிறுபான்மையினருக்குத் தனித் தொகுதிகள் நீடிக்க வேண்டும் என்று அச்சபையில் வாதாடினார். சர்தார் பட்டேல் முதலியோர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நாடு பிரிவினையுற்று இரு வாரங்களே ஆகியிருந்தன என்பதை அறியாத மாணவனுக்கு அந்த எதிர்ப்பின் வேகம் எங்கிருந்து வந்தது என்பது விளங்காது. வினா கேட்கப்படாத அத்தியாயமும் கேட்கப்படும் அத்தியாயத்திற்கு ஒளி தரக்கூடும்.

இரண்டு அறிக்கைகள், ஒரே வினா

பழைய தாள்களை ஆண்டு வரிசையில் அல்லாமல் வினாவின் வகைப்படி பிரித்து அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வெவ்வேறு அத்தியாயங்களிலிருந்து வந்த வினாக்கள் பல, உள்ளே ஒரே வினாவாக இருக்கும்.

வங்காளத்தில் 1793இல் நிலையான நிலவரித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜமீன்தார் செலுத்த வேண்டிய தொகை என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. தொடக்கத்திலேயே அத்தொகை மிகுதியாக இருந்தது. விளைபொருள் விலையோ அக்காலத்தில் தாழ்ந்திருந்தது. விளைச்சல் பொய்த்தாலும் குறித்த நாளின் சூரியன் மறைவதற்குள் தொகை வந்து சேராவிடில் ஜமீன் ஏலத்திற்கு வரும். இதனால் பல ஜமீன்கள் கைமாறின. இந்நிலையை விவரிக்கும் முதன்மைச் சான்று, 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை இங்கிலாந்தில் பலர் குறைகூறிக்கொண்டிருந்த காலத்தில் உருவான அறிக்கை இது. பழைய ஜமீன்தார்களின் வீழ்ச்சியை அது மிகைப்படுத்தியது எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1797இல் பர்த்வான் ராஜாவின் நிலங்கள் ஏலம் விடப்பட்டபோது, அவற்றை எடுத்தவர்களில் மிகப் பலர் ராஜாவின் பணியாளர்களும் முகவர்களுமேயாவர். ஏட்டில் கைமாறிய நிலம் உண்மையில் கைமாறவில்லை.

இப்பொழுது தக்காணத்திற்கு வருவோம். 1875 மே 12 அன்று புனா மாவட்டத்தைச் சேர்ந்த சூபா என்னும் சந்தை ஊரில் குடியானவர்கள் வட்டிக்கடைக்காரர்களைத் தாக்கி, கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் கேட்டனர். கலகம் பரவியது. விசாரணைக்கென அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசின் நிலவரிச் சுமை கலகத்திற்குக் காரணமா என்பதும் அக்குழு ஆராய வேண்டிய பொருள்களுள் ஒன்று. வரிச்சுமை காரணமன்று, வட்டிக்காரர்களே காரணம் என்று குழு முடிவு கூறியது. அரசு அமைத்த குழு அரசைக் குற்றமற்றதாகக் கண்டது!

"ஐந்தாவது அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்பதும், "தக்காணக் கலகக் குழுவின் அறிக்கையை வரலாற்றாசிரியர் எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?" என்பதும் மேலோட்டமாக இருவேறு வினாக்கள். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்தச் சூழலில் எழுதினார், வேறு சான்று அதனை உறுதிசெய்கிறதா மறுக்கிறதா என்று கேட்கும் பழக்கம் உள்ளவனுக்கு இரண்டும் ஒன்றே. அப்பழக்கத்தைப் பெற்ற மாணவன், தான் முன்பு கண்டிராத சான்றுப் பகுதியைத் தேர்வறையில் எதிர்கொண்டாலும் கலங்குவதில்லை. முகலாய அரசவை ஏடுகளைப் பற்றிய பழைய வினாக்களையும், பாடத்திலிருந்து நீக்கப்பட்டவையாயினும், இதே பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

ஏவற்சொல்லை நோக்குதல்

விடைத்தாள்களில் காணப்படும் பெருங்குறை அறியாமை அன்று. கேட்டதற்கு மாறாக அறிந்ததை எழுதுதல். "விவரிக்க" என்பதும் "மதிப்பிடுக" என்பதும் ஒன்றல்ல. அசோகரின் கல்வெட்டுகளைப் பற்றிய வினாவைக் கொள்க. கல்வெட்டுகள் கூறும் செய்திகளை விவரிக்கச் சொன்னால் தம்மம், அதிகாரிகள், கலிங்கப் போர் ஆகியவற்றை எழுதலாம். வரலாற்றுச் சான்றாகக் கல்வெட்டின் வரம்புகளை மதிப்பிடச் சொன்னாலும் பலர் அதே விடையை எழுதிவிடுகின்றனர். பிராமி எழுத்தை 1838இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்த பின்னரே அக்கல்வெட்டுகள் பேசத் தொடங்கின. பேசியும் அவை எல்லாவற்றையும் கூறிவிடவில்லை. கலிங்கப் போரின் துயரத்திற்காக அசோகர் வருந்தியதைக் கூறும் பதின்மூன்றாம் பாறைக் கட்டளை, கலிங்கத்தைச் சேர்ந்த தவுலியிலும் ஜவுகதாவிலும் பொறிக்கப்படவில்லை. வென்றெடுத்த மக்களிடம் சொல்ல விரும்பாததை மன்னர் பிறரிடம் சொன்னாரா என்று கேட்பதே மதிப்பீடு. இந்த ஒரு செய்தி, தம்மத்தைப் பற்றிய ஒரு பக்க வருணனையைவிட அவ்வினாவிற்கு அதிகம் பொருந்தும்.

பழைய தாளைக் கையிலெடுத்ததும் விடை எழுதத் தொடங்காமல், ஒவ்வொரு வினாவின் ஏவற்சொல்லையும் கோடிட்டு, விடை எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்று ஒரே வரியில் குறிப்பது நல்ல பயிற்சி. ஒரு மாலைப்பொழுதில் இரண்டு மூன்று தாள்களை இவ்வாறு முடித்துவிடலாம்.

மதிப்பீட்டுக் குறிப்பும் கடிகாரமும்

வாரியம் வினாத்தாளோடு மதிப்பீட்டுக் குறிப்பையும் வெளியிடுகிறது. கடைத் தொகுப்புகளில் உள்ள விடைகளைவிட இதுவே மாணவனுக்குச் சிறந்த ஆசான் எனலாம். கட்டுரையாக நீளாமல், எந்தெந்தக் கருத்துகளுக்கு மதிப்பெண் உண்டு என்பதைச் சுருங்கக் கூறும். பொருத்தமான வேறு கருத்தையும் ஏற்கலாம் என்று திருத்துவோருக்கு இடமளிக்கும். அழகிய முன்னுரைக்கென்று அதில் தனியே மதிப்பெண் ஒதுக்கப்படுவதில்லை என்பதைக் கண்டதும் மாணவர் பலர் வியப்படைவர்.

விடையை முதலில் தானே எழுதி, பின்னரே குறிப்போடு ஒப்பிட வேண்டும். முறை மாறினால், படித்ததும் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும் மயக்கமே மிஞ்சும். இருவர் தம் விடைகளை மாற்றிக்கொண்டு திருத்துவது இன்னும் பயன் தரும். தன் எழுத்தில் தென்படாத குழப்பம் பிறர் எழுத்தில் உடனே தென்படும்.

காலக் கணக்கும் இவ்வாறே பழக வேண்டியது. 80 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். மதிப்பெண் ஒன்றுக்கு இரண்டே கால் நிமிடம். எட்டு மதிப்பெண் வினாவிற்கு 18 நிமிடம். மூன்றுக்கும் 54 நிமிடம். மூன்று மதிப்பெண் வினாவிற்கு 60 முதல் 80 சொற்கள், எட்டு மதிப்பெண் வினாவிற்கு 300 முதல் 350 சொற்கள் என அளவு குறிக்கப்பட்டுள்ளது. தாய்மொழியல்லாத இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடை எழுதும் மாணவர்கள் நாட்டின் பல பகுதிகளில் உள்ளனர். அவர்களுக்கு 350 சொற்களை 18 நிமிடத்தில் எழுதுவது எளிதன்று. கடிகாரத்தை முன்வைத்து முழுத் தாளையும் மும்முறையேனும் எழுதிப் பார்க்காமல் இவ்வேகம் வாராது.

வரைபட வினா ஒன்றில் மட்டும் ஊகத்திற்குச் சற்று நியாயம் உண்டு. இடங்களின் பட்டியல் பாடத்திட்டத்திலேயே தரப்பட்டிருப்பதால் அதனை முழுமையாகப் பழகிவிடலாம். அருகருகே அமைந்த இடங்களிலேயே தவறு நிகழ்கிறது. தண்டி குஜராத்தின் தென்பகுதிக் கடற்கரையில் இருக்கிறது. பர்தோலி அதற்கு அருகே உள்நாட்டில். கேடா இவ்விரண்டுக்கும் வடக்கே. சம்பாரண் பீகாரிலும் சௌரி சௌரா அதன் மேற்கே உத்தரப் பிரதேசத்து கோரக்பூரை ஒட்டியும் உள்ளன. வெற்று வரைபடத்தில் நாளொன்றுக்கு ஐந்து இடங்களைக் குறித்துவந்தால் ஒரு மாதத்தில் இவ்வைந்து மதிப்பெண்ணும் உறுதியாகும்.

நிருவாகத்தின் பொறுப்பு

முதலியார் குழு 1952-53இலேயே, புறத்தேர்வுகள் இடைநிலைக் கல்வியை ஆட்டிப்படைப்பதைச் சுட்டி, அவற்றின் பிடியைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. அப்பிடி பெருமளவில் தொடரும் வரையில், தேர்வைப் பற்றிய அறிவு சிலரிடம் மட்டும் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கல்வித் துறையின் கடமையாகிறது. வினாத்தாள்களும் மதிப்பீட்டுக் குறிப்புகளும் வாரியத்தால் இலவசமாக வெளியிடப்படுபவை. அவற்றையே விலை கொடுத்து வாங்கும் மாணவன், பெரும்பாலும் அவ்வாறு கிடைப்பதை அறியாதவன். ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் நடப்புப் பாடத்திட்டம், மாதிரி வினாத்தாள், 2023 முதலான தாள்கள், அவற்றின் மதிப்பீட்டுக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி வைக்கப் பெருஞ்செலவு ஆகாது. நீக்கப்பட்ட பகுதிகளை அக்கோப்பில் ஆசிரியரே குறித்துவிட்டால், கிராமப்புற மாணவன் வீணே உழைப்பது தவிரும்.

திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமையும் மாணவனுக்கு உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைப் பார்வையிடலாம் என்று, இதே வாரியம் தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வாறு பெறப்பட்ட விடைத்தாள்களின் படிகளை, மாணவர் இசைவுடன் பெயரும் பதிவெண்ணும் நீக்கி, அடுத்த ஆண்டு வகுப்பறையில் மதிப்பீட்டுக் குறிப்போடு ஒப்பிட்டுக் காட்ட முடியும். எட்டுக்கு ஏழு பெற்ற விடையையும் எட்டுக்கு மூன்று பெற்ற விடையையும் அருகருகே வைத்து, எந்த வரியில் மதிப்பெண் கிடைத்தது, எந்த வரியில் நழுவியது என்று மாணவர்களையே கண்டறியச் செய்வதற்கு ஒரு பாடவேளை போதும்.